தாராசுரத்து முதலை

கும்பகோணத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. கோயில்களைப் பற்றி வேறு யாரும் அவர்களிடம் வாய் திறக்க முடியாது. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் கோயில்தான் என்பார்கள். விழுந்த பிறகு எழுந்து உள்ளே சென்று பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கக் கூடாது. கர்வம், குற்றம் இரண்டிலும் எனக்குப் பங்கு உண்டு. தாராசுரம் எங்கள் ஊரிலிருந்து நான்கு கிலோ மீட்டர் தூரம். தஞ்சாவூர் ரயிலில் அந்த ஸ்டேஷனை எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன். இருந்தும் கோயிலுக்குள் முதன் முதலாக அடி வைத்தது நாற்பது வயதுக்கு மேல்தான். அதுவும், டில்லியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அதைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததனால்!

காலங்கடந்து பிறந்த பக்திக்கு வேகம் அதிகம் அல்லவா? அதற்கப்புறம் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை எல்லாம் தாராசுரத்துக்கு இழுத்துச் சென்று பிரசங்கம் செய்வதே எனக்குத் தொழிலாகிவிட்டது. ஆகையால் சென்ற தை மாதத்தில் என் அத்தை, "ஏண்டா அப்பா, என்னை ஒரு தடவை தாராசுரம் அழைத்துக்கொண்டு போகிறாயா?" என்று கேட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அத்தைக்கு வயது எண்பத்திரண்டு. புதிய சிஷ்யை ஒருத்தி கிடைத்தாள் என்று எண்ணினேன்.

காலை வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். நான் வாசலிலேயே பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டேன். இரண்டாம் ராஜராஜ சோழன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில் இது. ராஜராஜேச்சரம் என்ற பெயரே மருவித் தாராசுரம் ஆயிற்று. துர்வாசருடைய சாபத்தால் நிறம் குன்றிய ஐராவதம் இங்கே பூஜித்து வெண்மையைத் திரும்பப் பெற்றது என்பது ஸ்தல புராணம். ஐராவதேசுவரர் என்ற திருநாமம் அதனால் வந்தது. தட்டினால் இசை எழுப்பும் பலிபீடப் படிகள் இவை. தட்டித் தட்டி உடைத்துவிடப் போகிறார்களே என்று இப்போது இரும்புக் கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள். 2004-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இந்தக் கோயிலையும் சேர்த்தார்கள். அத்தை எல்லாவற்றுக்கும் "அப்படியா, அப்படியா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

ராஜகம்பீரன் திருமண்டபத்தை அடைந்தோம். மண்டபம் முழுவதையும் ஒரு ரதமாகவே சமைத்துவிட்டான் அந்தச் சிற்பி. பக்கத்தில் கற்சக்கரம், அதை இழுத்துக்கொண்டு பாய்கிறது கற்குதிரை. பாயும் குதிரையின் கழுத்து நரம்பில் இருக்கும் முறுக்கைப் பார்த்தால், நாம் சற்று ஒதுங்கி நிற்பதே நல்லது என்று தோன்றும். இன்னோரிடத்தில் ரிஷபமும் யானையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டுக்கும் தலை ஒன்றேதான். ரிஷபத்தின் உடலைக் கையால் மறைத்தால் யானை; யானையின் உடலை மறைத்தால் ரிஷபம். இதைக் காட்டும்போது ஆச்சரியப்படாத விருந்தாளியை நான் இதுவரை கண்டதில்லை. அத்தையோ ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஆச்சு, பின்பக்கம் போகலாமா?" என்றாள். எனக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

பின்பக்கம் என்று அவள் சொன்னது விமானத்தைச் சுற்றியுள்ள பிராகாரத்தை. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறக்குறைய 200 அடி உயர்ந்து நம்மை அண்ணாந்து பார்க்கச் செய்கிறது. தாராசுரத்து விமானத்துக்கு 80 அடிதான் இருக்கும். இங்கே பார்க்க வேண்டியதை அண்ணாந்து பார்க்க முடியாது. குனிந்துதான் பார்க்க வேண்டும். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் சிறு சிறு கட்டங்களில் அறுபத்து மூன்று நாயன்மார்களின் கதைகளைச் செதுக்கி, இன்னார் இவர் என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். சேக்கிழார் பெருமான் பெரிய புராணம் பாடியது ராஜராஜனுடைய தகப்பனான இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். ஏட்டில் எழுதிய மை உலர்வதற்குள் அதைக் கல்லில் ஏற்றிவிட்டார்கள் என்றே சொல்லலாம். இதைவிடப் பெரிய சிலைகளுக்கு இக்கோயிலில் நேர்ந்த கதி வேறு. பிக்ஷாடனரும் ரிஷிபத்தினிகளும் தஞ்சாவூர்க் கலைக்கூடத்துக்குக் குடிபோய்விட்டார்கள். கோஷ்டங்கள் பல வெறுமையாகக் கிடக்கின்றன. பெயர்த்து எடுக்க முடியாத இந்தச் சாண் அளவுக் கதைகளே தங்கள் இடத்தில் தங்கியிருக்கின்றன.

நான் புத்தகத்தைப் புரட்டிப் பெயரைத் தேடுவதற்குள் அத்தை, "இவர் கண்ணப்பர்... இது காரைக்காலம்மை..." என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தாள். கல்வெட்டு எழுத்து அவளுக்குத் தெரியாது. எனக்கும் முக்கால்வாசி தெரியாது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் இடத்தில் நின்றாள். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலை ஒன்று வாயைத் திறந்திருக்கிறது. அதன் வாயிலிருந்து ஒரு சின்னஞ்சிறு உருவம் வெளியே வருகிறது.

அவிநாசியில் சுந்தரமூர்த்தி நாயனார் ஒரு வீட்டில் மங்கல ஒலியையும் எதிர்வீட்டில் அழுகையையும் கேட்டாராம். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் மடுவில் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பிப் பிழைத்தவனுக்கு அன்று பூணூல் கல்யாணம். நாயனார் மடுவின் கரையில் நின்று பதிகம் பாடினார்; முதலை பிள்ளையைக் கொண்டுவந்து கரையில் உமிழ்ந்தது. நேயர்கள் அறிந்த கதைதான்.

அத்தைக்கு ஒரு பிள்ளை இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே, ஆடி வெள்ளத்தில், காவிரிப் படித்துறையில் போய்விட்டான். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவனுடைய பெயரைக்கூட நான் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன்.

"கல்யாணமான புதிதில் என் மாமியார் இங்கே அழைத்துவந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவன் போன பிறகு நான் வரவில்லை. அறுபது வருஷம் ஆகப்போகிறது" என்றாள் அத்தை.

நான் புத்தகத்தை மூடினேன்.

"போன வயசோடே வரவில்லையாம் அந்தப் பிள்ளை. நடுவில் போன வருஷங்களுக்கும் சேர்த்து வளர்ந்து வந்தானாம். மாமியார் அப்படித்தான் சொன்னாள். எனக்கு என்னவோ குழந்தையாகத்தான் தெரிகிறது. உனக்கு எப்படித் தெரிகிறது?"

"கல் சிறியது, அத்தை. பெரிதாகச் செதுக்க இடம் இல்லை" என்றேன். என்னைப் போன்ற பிரசங்கிக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

"இடமா இல்லை?" என்று சொல்லி அவள் மறுபடியும் அந்தக் கல்லையே பார்த்தாள். பக்கத்தில் வந்த காவலர், தொடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் தொடவில்லை என்பதைக் கண்டு அப்பால் போய்விட்டார். வெயில் சுவரின் மேல் ஏறிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து, இரைச்சல் போட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அந்தக் குதிரையைக் காட்டினாயே, அப்போது நான் சரியாகப் பார்க்கவில்லை. வா, போகலாம்" என்றாள்.

திரும்பிப் போனோம். குதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு ரிஷபத்தின் உடலை என் கையால் மறைத்து அவளுக்கு யானையைக் காட்டினேன். "நீ நகரு" என்று சொல்லி, அத்தை தன் கையை எட்டி நீட்டி யானையை மறைத்துக்கொண்டு, ரிஷபத்தைப் பார்த்தாள்.