நகக்கண்ணில் கொஞ்சம் நீலம்

மதியம் ஒன்றரை அடித்தால் இன்னும் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஜப்பானில் அப்போது மாலை ஐந்து. தொக்குஷிமாவின் அந்த மலைக் கிராமத்தில் கம்பத்து ஒலிபெருக்கியிலிருந்து குழந்தைப் பாட்டு மெட்டு ஒன்று வரும். வயலில் குனிந்திருப்பவர்கள் நிமிர்வார்கள். நாங்கள் சாயக் கையைக் கழுவப் போவோம். இங்கே மயிலாப்பூரில் அந்நேரத்துக்குப் பக்கத்து வீட்டு மிக்ஸிதான்.

செப்டம்பரில் தொடங்கி மூன்று மாதம், கலைஞர்களுக்கான ரெசிடென்ஸி. பிள்ளைகள் இல்லாமல் மூடிவிட்ட ஆரம்பப் பள்ளியில் ஒரு வகுப்பறையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஷிக்கோக்கு தீவைச் சுற்றி 88 கோயில்கள், கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர் யாத்திரைப் பாதை. அதில் பாதியாவது நடந்து, வழியெல்லாம் வரைவேன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். விண்ணப்பத்தில் யார்தான் அடக்கமாக எழுதுகிறார்கள்? ஆறாவது கோயிலில் முட்டி வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு ரயில்தான்.

அதுவும் ரயில் என்று சொல்ல ஒரே ஒரு பெட்டி. டீசலில் ஓடுவது. தொக்குஷிமா மாவட்டத்தில் மின்சார ரயிலே கிடையாது. அதனால் ஜப்பானில் பெரும்பாலோர் ‘தென்ஷா’ என்று சொல்லும்போது, இவர்கள் இன்னும் ‘கிஷா’ என்பார்கள். நம் தாத்தாக்கள் புகைவண்டி என்ற மாதிரி. நம் டவுன் பஸ்ஸைப் போல ஓட்டுநர் பக்கத்தில் காசுப் பெட்டி. யோஷினோ ஆற்றை ஒட்டியே போகும். வழியில் காக்கு என்று ஒரு ஸ்டேஷன். அந்தப் பெயரை எழுதும் எழுத்துக்குப் படிப்பு என்று அர்த்தம். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்காக அந்த ஊர்ப் பெயர் அச்சான டிக்கெட்டை வாங்கித் தாயத்து மாதிரி வைத்துக்கொள்வார்கள். நானும் ஒன்று வாங்கினேன், எந்தப் பரீட்சைக்கு என்று தெரியாமலே.

யோஷினோ ஆறு ஒரு காலத்தில் வருஷா வருஷம் புயல் மாதத்தில் பெருகிக் கரையை மூழ்கடிக்கும். நெல் நிற்காது. ஆனால் புயலுக்கு முன்பே அறுத்துவிடலாம் என்பதால் நீலச்செடி நின்றது. வெள்ளம் விட்டுப்போன வண்டல்தான் அதற்கு உரம். வாக்கிமாச்சியில் நீல வியாபாரிகள் கட்டிய வீடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. 1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அந்த ஒரே அடி அங்கேயும் விழுந்தது, நம் அவுரிக் காட்டிலும் விழுந்தது.

திண்டிவனம் பக்கம் அவுரி இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தொட்டிக்குள் இறங்கிக் காலாலேயே அடித்துக் கடைவதைப் பார்த்திருக்கிறேன். தொக்குஷிமாவில் செடியும் வேறு, முறையும் வேறு. காய்ந்த இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை புரட்டிப்போட்டு, சுமார் நூறு நாள் மக்கவிடுவார்கள். ஆவி பறக்கும், மாட்டுக்கொட்டகை நெடி கண்ணைக் கரிக்கும். எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்ய மட்டும் ஒருவர் உண்டு. ‘மிசுஷி’, தண்ணீர் வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டுப் பேசாமல் போனால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

நான் போன சாயப் பட்டறையில், தாழியிலிருந்து எடுக்கும்போது துணி நீலமாக இருக்காது. பழுத்தும் பழுக்காத பச்சை. காற்றுப் பட்டுத்தான், கண்ணெதிரிலேயே, ஓரத்திலிருந்து நீலம் ஏறும். எனக்கு அவசரம். பச்சை மாறுவதற்குள் மறுபடி முக்கினேன். துணி முழுக்கத் திட்டுத் திட்டாகத் தேமல் விழுந்தது. பட்டறைக்காரப் பாட்டி திட்டவில்லை. துணியை வாங்கிக் கொடியில் விரித்துவிட்டு, டீ போட்டுக் கொண்டுவந்தார். குடித்து முடிக்கும்வரை தாழிப் பக்கம் என்னை விடவில்லை.

ஒரே ஒருமுறை முக்கி எடுத்தால் வருகிற மிக வெளிறிய நீலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கமேநோசொக்கி’. தாழியை எட்டிப் பார்த்தது என்று பொருள். உள்ளே இறங்கவில்லை, எட்டி மட்டும் பார்த்தது. இந்தப் பெயரைக் கேட்ட அன்றுதான் என் வேலை எனக்குப் பிடிபட்டது. ஸ்டேஷனுக்கு ஒரு துணிப்பட்டை, வண்டி அங்கே நின்ற நிமிடத்துக்கு ஒரு முக்கு. பெரும்பாலும் எட்டிப் பார்த்த நீலம்தான் வந்தது. எதிர்வண்டிக்குக் காத்து நின்ற இடங்கள் மட்டும் திடீரென்று கறுத்தன.

எல்லாவற்றிலும் கறுத்தது சுபொஜிரி. மலைமடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டேஷன். கார் போகிற சாலை கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். ஏற்றத்தில் நேராக நிற்க இடமில்லாததால் வண்டி ஒருபுறம் ஒதுங்கி, பின்னால் வந்து நிற்கும். ஓட்டுநர் எழுந்தார், தொப்பியைச் சரிசெய்தார், எங்களுக்கு நடுவே நடந்து பெட்டியின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தார். சற்றுமுன் கடைசி இருக்கையில் இருந்த நான் இப்போது முதல் இருக்கையில் இருந்தேன். கீழே ஒரு விரைவு வண்டி தடதடத்துப் போனது. பிறகு சில்வண்டுச் சத்தம் மட்டும். பதினோரு நிமிடம், பதினோரு முக்கு.

பட்டைகளைச் சென்னைக்குக் கொண்டுவந்தேன், ஒரு கண்காட்சியும் ஆயிற்று. நாட்டு மருந்துக் கடையில் தலைச்சாயத்துக்கு விற்கிற அவுரிப் பொடியை வாங்கி, மொட்டைமாடியில் பிளாஸ்டிக் வாளியில் முயன்றும் பார்த்தேன். நீலம் வருகிறது. எட்டிப் பார்த்த நீலம்தான் வரமாட்டேன் என்கிறது. துணி காய்வதற்குள் இரண்டு போன் வந்துவிடுகிறது.

நகக்கண்ணில் ஏறிய சாயம் மட்டும் கூடவே வந்தது. “என்ன நெயில் பாலிஷ், நல்லா இருக்கே?” என்று பேங்க்கில் ஒரு பெண் கேட்டாள். நகம் வளர வளர நீலம் மேலே ஏறி, பிப்ரவரியில் கட்டை விரல் நுனியில் பிறைபோல் ஒரு கீற்றுதான் மிச்சம். நெயில்கட்டரை எடுத்த நேரம் அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: “வெள்ளிக்கிழமையும் அதுவுமா நகம் வெட்டாதேடி.”

எதிர்த்துப் பேசாமல் நெயில்கட்டரை மேஜை டிராயரில் போட்டு மூடினேன்.