மாமா விட்டுப்போன மூன்று விநாடி

மாமாவின் முதல் வருடத் திதி முடிந்த மறுநாள், அவருடைய உறுமியை என் பேடில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். டுரியான் துங்காலில் எங்கள் தாமான் வீட்டு முன்கூடம்தான் எனக்கு ஸ்டூடியோ. பேட் என்பது குச்சியால் தட்டியதும் உள்ளே சேமித்த ஒலியை எழுப்பும் ரப்பர் கட்டங்கள் கொண்ட கருவி. கல்யாணம், கோயில் திருவிழா என்று குழுவோடு போகும்போது அதைத்தான் வாசிக்கிறேன்.

மாமா தோட்டத்து ஆள். லயத்துக் கோயிலில் பழகிய கை. மாசிமகத்தில் செங் சன்னாசிமலைக்குக் காவடி போகும்போது முன்னால் வாசித்துக்கொண்டே நடப்பார். அந்த வாசிப்பை யாரும் ஒழுங்காகப் பதிவு செய்யவில்லை. என்னிடம் இருந்தது கைப்பேசிக்கு அவர் அனுப்பிய நாற்பது விநாடிக் குரல்செய்தி ஒன்றுதான்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘ஓபஸ்’ என்று இருந்தது. அதை அழித்துவிட்டு ‘வேவ்’ என்று எழுதினேன். பேட் ஏற்கவில்லை. பெயர்ப்பலகையை மாற்றினால் கடைக்குள் இருக்கும் சாமான் மாறிவிடுமா? இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மாற்றியில் போட்டு எடுத்தேன். இப்போது அது நிஜமான வேவ். கைப்பேசியில் பாடியது, லேப்டாப்பில் பாடியது, காரில்கூடப் பாடியது. பேடில் மட்டும் அதே பிழைச் செய்தி.

இரண்டு ராத்திரி தேடிப் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. வேவ் என்பது 1991-இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்த ஒரு டப்பா. உள்ளே ஒரு விநாடிக்கு எத்தனை மாதிரிகள், ஒவ்வொன்றும் எத்தனை பிட் என்று டப்பாமேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். என் பேடுக்குத் தெரிந்தது 44,100 மாதிரி, 16 பிட் மட்டும். 1982-இல் விற்பனைக்கு வந்த சிடியின் கணக்கு அது. ஓபஸைப் பிரித்தால் பெரும்பாலும் வருவது 48,000, வீடியோக்காரர்களின் கணக்கு. மாற்றி அதை 24 பிட்டாக வேறு எழுதியிருந்தது. கணினி இதையெல்லாம் நமக்குத் தெரியாமலே சரிக்கட்டிப் பாடிவிடும். பேட் அப்படிச் சரிக்கட்டாது. தட்டிய கணமே ஒலிக்க வேண்டிய கருவி அது.

குழு நண்பன் ஒருவனிடம் பழைய கருவி ஒன்று இருந்தது. 16 பிட்டாக மட்டும் மாற்றிக் கொண்டுபோனேன். சீட்டைப் படிக்காமலே எல்லாவற்றையும் 44,100 என்று எடுத்துக்கொள்ளும் ரகம் அது. பாடிவிட்டது! பதிவுசெய்து வந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணன் இப்படி இழுத்து வாசிக்க மாட்டாருடா. ஒடம்பு முடியாதப்ப அனுப்புனதா?” என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 48,000 வீதம் ஓடவேண்டியது 44,100 வீதம் ஓடியதால் பத்து விநாடி ஏறக்குறைய பதினொன்றாக நீண்டிருந்தது. சுருதி முக்கால் கட்டை இறங்கியிருந்தது. நானும் நண்பனும் கவனிக்கவே இல்லை. அம்மாவுக்கு எந்த எண்ணும் தெரியாது. அண்ணன் சோர்ந்துவிட்டது மட்டும் தெரிந்தது.

கடைசியில் ஆடாசிட்டி மென்பொருளில் மூலக்கோப்பைத் திறந்து, 44,100-க்கும் 16 பிட்டுக்கும் முறையாக மாற்றினேன். பேட் மறுபேச்சில்லாமல் ஏற்றது. வேகமும் சரி, சுருதியும் சரி. மறுபடியும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“இது அண்ணன் தாளந்தான். ஆனா அந்த உறுமல எங்கடா காணோம்?”

உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும்பும் அந்த அடித்தொண்டை ஒலிதான் அதன் உயிர். குரல்செய்தி பேச்சுக்கென்றே சுருக்கப்படுவது. மாமாவின் உறுமலை அது இரைச்சல் என்று கழித்திருக்க வேண்டும். ஒருமுறை போனது போனதுதான். எத்தனை பிட்டுக்கு மாற்றினாலும் இல்லாத ஒலி திரும்பி வராது. நான் இத்தனை நாள் போராடியது டப்பாவோடு மட்டும்.

மாற்றும்போது ஆரம்பத்தில் மூன்று விநாடியை வீண் என்று வெட்டியிருந்தேன். மூலக்கோப்பை அழிக்காதது நல்லதாயிற்று. அதை அப்படியே அம்மாவுக்குப் போட்டேன். ஒரு கனைப்பு. “டேய் மருமகனே, இந்த அடியக் கேளு.” பக்கத்தில் நின்று பேசுவதுபோல அவ்வளவு தெளிவு. பேச்சுக்காகச் செய்த சுருக்கம் பேச்சைப் பத்திரமாக வைத்திருந்தது. அம்மா இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு இன்னொரு தரம்.

அந்த மூன்று விநாடியை மாற்றி, பேடின் கடைசிக் கட்டத்தில் வைத்திருக்கிறேன். மேடையில் தட்டுவதில்லை. உறுமலுக்கு மாமாவின் உறுமியைத்தான் எடுக்க வேண்டும். அத்தை வீட்டில் அலமாரி மேல் கிடக்கிறது, தோல் தளர்ந்து. புதுத்தோல் போட எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.