குச்சி விட்டுப் பார்த்தல்

1993 நவம்பர் 15. மெட்ராசிலிருந்து ஹைதராபாத் போன இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ், எண்ணெய் தீர்ந்து திருப்பதிப் பக்கம் நெல்வயலில் இறங்கியது. உள்ளே 262 பேர். ஓர் உயிர்கூடப் போகவில்லை. மலாக்காவின் தஞ்சோங் கிளிங்கில் நான் செய்தியை வாசித்துக் காட்டியதும், "பெருமாள் காப்பாத்திட்டாரு" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அது சரி, ஏறும்போது எண்ணெய யார் பாத்தா?" என்றார் அப்பா.

ரப்பர் தோட்டத்தில் பால் லாரி ஓட்டியவர் அவர். எண்ணெய் முள்ளை நம்பமாட்டார். டேங்க் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டு, நனைந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்த பிறகுதான் வண்டி நகரும். பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் விமானம் ஓட்டப் பழகும் பையன்களும் இதையேதான் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. டேங்குக்குள் அளவுக்குச்சி விட்டுப் பார்ப்பார்கள். அடியிலிருந்து கொஞ்சம் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா, நிறம் நீலமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்க்காமல் போய் விழுந்த விமானத்தை விசாரிப்பது விசித்திரமான வேலை. இல்லாததைத் தேட வேண்டும். விமானம் நொறுங்கிக் கிடக்கும், தீப்பிடித்திருக்காது. டேங்க் கிழிந்திருக்கும், சுற்றிலும் பெட்ரோல் வாடை இருக்காது. எண்ணெய் சிந்தியிருந்தால் கருகியிருக்க வேண்டிய புல் பச்சையாகவே நிற்கும். விசையோடு சுற்றிய காற்றாடி தரையில் மோதினால் அதன் தகடுகள் முறுக்கிக்கொள்ளும், குறுக்கே கீறல் விழும். நின்றுபோன காற்றாடி பெரும்பாலும் ஒரு தகட்டைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு கிடக்கும். சில சமயம் வலது டேங்க் நிறைந்தே இருக்கும். டேங்கைத் தேர்ந்தெடுக்கும் திருகு மட்டும் காலியான இடது டேங்கில் நிற்கும். எண்ணெய் இருந்தும் எஞ்சின் பட்டினி கிடந்து நின்ற கதை அது.

குச்சி விட்டுப் பார்த்தால் மட்டும் போதுமா என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1983 ஜூலை 23, கனடா. ஒரு போயிங் 767இல் எண்ணெய் முள் வேலை செய்யவில்லை. குச்சி வைத்துத்தான் அளந்தார்கள். லிட்டர் கணக்கு சரி. அதைக் கிலோவாக்க 0.8ஆல் பெருக்காமல், பவுண்டுக்கான 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். தேவையில் பாதிகூட இல்லாமல் கிளம்பிய விமானம், 41,000 அடி உயரத்தில் தடுமாறத் தொடங்கி, கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் எஞ்சின் ஓடாமலேயே சறுக்கி இறங்கியது. அங்கும் யாரும் சாகவில்லை.

திருப்பதியில் இறங்கியதன் கதை வேறு. ஹைதராபாத்தில் பார்வைத் தெளிவு இல்லாததால் இறங்காமல் மேலே எழும்பினார்கள். இறங்குவதற்காக நீட்டிய இறக்கை மடிப்புகள் முழுதாக உள்ளே திரும்பவில்லை. அந்த நிலையில் விமானம் மெதுவாகத்தான் போகும், எண்ணெயை அதிகமாகக் குடிக்கும். மெட்ராசுக்கே திரும்பிவிடலாம் என்று கிளம்பினார்கள், வழியிலேயே தீர்ந்தது. ஆக, ஏறும்போது பார்த்தது போதவில்லை, போகப் போகப் பார்த்திருக்க வேண்டும். அப்பாவின் கேள்விக்கு விடை இது. கேட்க அவர் இல்லை.

அப்பாவின் லாரியும் ஒருமுறை நின்றிருக்கிறது. அன்று கூட வந்த பையன், "ஊத்திட்டேண்ணே" என்றான். அவர் குச்சியை எடுக்கவில்லை. வெயிலில் நின்ற லாரியில் பால் உறைந்துபோனது. ஆபீசில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: யார் தப்பு? சம்பளத்தில் பிடித்தார்கள். பையன் ஏன் அப்படிச் சொன்னான், ஊற்றியதை எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகமாவது இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. விமான விபத்து விசாரணைக்கு உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதி, சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு. 1951இல் ஏற்கப்பட்டது. பழி சுமத்துவது விசாரணையின் நோக்கமல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பதே நோக்கம் என்கிறது அது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்த ஆபீஸ் மேசைதான் ஞாபகத்துக்கு வந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் இப்போது விமானம் ஓட்டப் படிக்கிறான். தலைக்கு மேல் சத்தம் கேட்டால் அவன் அம்மா வாசலுக்கு ஓடி வந்துவிடுகிறார். அவருக்கு நான் ஒரு கணக்குச் சொன்னேன். 2011 முதல் 2015 வரை எண்ணெய்க் கோளாறால் நேர்ந்த விபத்துகளை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அலசியது. அவற்றில் சிக்கிய விமானிகளில் பழகுபவர்கள் 2 விழுக்காடுதான். சம்பளத்துக்கு ஓட்டும் அளவுக்கு உரிமம் பெற்றவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர்.

"அப்ப இப்ப பயமில்லேங்கிறீங்களா?"

"இப்ப இல்லக்கா. அவன் தோள்ல பட்டை ஏறட்டும், அப்பறம் தினம் கேளுங்க: குச்சி விட்டுப் பாத்தியாடான்னு."