புது பிரேக் பேடும் 'ஸ்ஸ்ஸ்' சத்தமும்

டிஸ்க் பிரேக்குக்குப் புது பேட் போட்டால் கொஞ்சம் உரசத்தான் செய்யும். அது வியாதி இல்லை. டிரம் பிரேக்கில் ஷூவைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க்கில் அது கிடையாது. காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறதே, அது பிரேக் பிடிக்கும்போது லேசாக வளைந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். கூடவே பிஸ்டனும் மயிரிழை அளவு பின்வாங்கும். மொத்த இடைவெளியே அவ்வளவுதான்!

எங்க வீட்டு வண்டியில் வந்தது வேற ரகம். (150 சிசி, அப்பா ஓட்டித் தேய்த்து எனக்குத் தந்தது.) பேட் மாற்றிய அன்றைக்கே வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. மெக்கானிக் அண்ணன், "நாலு நாள் ஓட்டு தம்பி, தானா செட் ஆயிரும்" என்றார். பாதி உண்மை. புது பேட் டிஸ்க்கின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்து உட்காரக் கொஞ்ச தூரம் ஓடணும். ஆனால் உட்காருவது வேறு, ஒட்டிக்கொள்வது வேறு.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, தங்கச்சியைப் பின்சீட்டில் ஏற்றினேன். முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. (வெயிட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை :-)) கையால் சுற்றினால் அரைச் சுற்றுகூட வரவில்லை. முன்பிரேக்கைத் தொடாமல் ஒரு ரவுண்டு போய்வந்து டிஸ்க்கில் தண்ணீர் தெளித்தேன். 'சுர்'ரென்றது! இதுதான் பயமே. சூடு ஏற ஏற ஆயிலும் விரிந்து பிரேக்கை இன்னும் இறுக்கக்கூடும். தினமும் அம்மாவை வேலைக்குக் கொண்டுபோய் விடுவது இந்த வண்டியில்தான். மழை ஈரத்தில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால்?

மறுபடி போய், காலிப்பரைக் கழற்றச் சொல்லி நின்றுவிட்டேன். பழைய பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்திருக்கும், அந்தப் பகுதியில் அழுக்கு படிந்திருக்கும். புது பேட் தடிமன், அதற்கு இடம்விட பிஸ்டனை உள்ளே தள்ளணும். துடைக்காமல் தள்ளினால் அழுக்கு சீலில் மாட்டி, பிஸ்டன் திரும்ப மறுக்கும். காலிப்பர் நகர்கிற பின்னோ எண்ணெய்ப்பசையே இல்லாமல் துருப்பிடித்திருந்தது. அண்ணன் முகம் மாறிவிட்டது, பாவம். பிஸ்டனை பிரேக் ஆயிலால் துடைத்து, பின்னைத் தேய்த்து சிலிக்கான் கிரீஸ் போட்டார். சாதா கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும்.

இப்போது சக்கரம் ஒன்றரைச் சுற்று போகிறது. 'ஸ்ஸ்ஸ்' இருக்கிறது, சூடு இல்லை. பெட்ரோல் கணக்கை நோட்டில் எழுதிவருகிறேன் (பி.காம் புத்தி!), மாசக் கடைசியில் தெரியும்.

ஒன்று மட்டும்: பேட் மாற்றியதும், கிளம்பும் முன்னே லீவரைப் பலமுறை அழுத்தி இறுக்கம் வருகிறதா பாருங்க. பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் அழுத்தத்தில் பிரேக்கே பிடிக்காது.