மாங்குளத்துக் காட்டின் மூச்சு

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே பயணம் செய்வோர் புளியங்குளம், கனகராயன்குளம் ஆகிய ஊர்களைக் கடந்து மாங்குளம் சந்தியை அடைவர். கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு. நேரே சென்றால் முறிகண்டி, கிளிநொச்சி. யுத்தத்தால் 1990இல் நின்றுபோன ரயில் 2013இல்தான் இவ்வூருக்குத் திரும்பி வந்தது. ஊரைச் சுற்றிலும் பாலை, வீரை, முதிரை மரங்கள் நிறைந்த காடு.

காடும் மூச்சு விடுகிறது. பகலில் வெயிலின் துணையால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்து மரம் தன் உணவைச் சமைக்கிறது. இரவில் அந்தச் சமையல் இல்லை. மரமும் மண்ணும் அவ்வாயுவை வெளியே விடுகின்றன. ஆகவே காட்டுக் காற்றில் அது இரவில் கூடும், பகலில் குறையும்.

1955இல் கலிபோர்னியாவின் பிக் சர் காட்டில் இதை அளந்தவர் சார்ல்ஸ் டேவிட் கீலிங் என்னும் இளம் விஞ்ஞானி. நள்ளிரவிலும் எழுந்து கண்ணாடிக் குடுவையில் காற்றைப் பிடித்தார். உலகம் முழுவதற்கும் பொதுவான அளவை அறிய, காடும் நகரமும் அருகில் இல்லாத இடம் தேவைப்பட்டது. 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில், சுமார் 3,400 மீற்றர் உயரத்தில் அவருடைய கருவி இயங்கத் தொடங்கியது. முதல் அளவு, பத்து இலட்சம் பங்கு காற்றில் 313 பங்கு.

ஆண்டுதோறும் மே மாதத்தில் அளவு உச்சத்தை எட்டியது. வட உலகின் காடுகள் தளிர்த்ததும் இறங்கியது. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் முந்திய மே மாதத்தை விட உயர்ந்தே நின்றது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதும், காடுகளை அழிப்பதுமே காரணம்.

வீட்டுச் செலவுக் கொப்பியை நாள் தவறாமல் எழுதும் தாய்க்குத்தான் பணம் போகும் வழி தெரியும். இதுவும் அத்தகைய கணக்கே. 1964இல் பணமின்றிச் சில மாதங்கள் தடைப்பட்டது. 2005இல் கீலிங் காலமானார். மகன் ரால்ஃப் கீலிங் பணியைத் தொடர்ந்தார். 2022இல் எரிமலை வெடித்துப் பாதை அறுந்தபோது, பக்கத்து மௌனா கியா மலையில் அளந்தார்கள். 2013இல் 400 பங்கைத் தொட்ட அளவு, 2025 மே மாதத்தில் 430ஐத் தாண்டியது.

மாங்குளத்துக் காற்றும் அக்கணக்கில் சேர்ந்ததே. மீளக் குடியேறியோருக்கு வீடும் வயலும் வேண்டும்தான். ஆயினும் முதிரை மெல்ல வளரும் மரம். அதை வெட்டி எரித்தால், பல பத்தாண்டுகள் சேர்த்து வைத்த காபன் ஒரு நாளில் காற்றில் கலந்துவிடும். இன்று நடும் கன்று அதை மீட்டெடுக்க நம் பேரப்பிள்ளைகளின் காலம் வரை செல்லும்.