தோட்டம் வரை நடப்பது

மூன்று வருடங்களுக்கு முன் மாடிப்படியில் கால் பிசகி என் வலது குதிகால் தசைநார் அறுந்தது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அந்தக் கயிறு ஒன்று உண்டு என்பதையே அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. கட்டுப்போட்ட காலோடு கிடந்த வாரங்களில் புத்தகங்களில் மனம் நிற்கவில்லை. பழைய கால்பந்து ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் சான்டி கஸோர்லா மீண்டும் என்னிடம் வந்து சேர்ந்தார்.

ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் மாநிலத்தில் 1984இல் பிறந்தவர். ஐந்தரை அடி உயரம். எது அவருடைய இயல்பான கால் என்று ஆட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூலை உதைகளை ஒருமுறை வலக்காலாலும் மறுமுறை இடக்காலாலும் அடிப்பார். இருவர் நெருக்க வரும்போது எந்தப் பக்கமும் திரும்பிவிடுவார். அந்தத் திரும்பலில் ஒரு சிரிப்பும் இருக்கும்.

அன்று நான் பார்த்தது 2014 இங்கிலாந்து எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். ஒன்பது வருடங்களாகக் கோப்பை எதையும் காணாத அர்ஸனல், ஹல் சிட்டிக்கு எதிராக முதல் பத்து நிமிடத்திற்குள் 0-2 எனப் பின்தங்கிவிட்டது. பதினேழாம் நிமிடத்தில் கஸோர்லாவின் ஃப்ரீ கிக் வலையின் மேல் மூலைக்குள் புகுந்தது. கூடுதல் நேரத்தில் அர்ஸனல் 3-2 என்று வென்றது.

2016 அக்டோபரில், லூடோகோரெட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் வலக்கணுக்கால் வலியோடு வெளியேறினார். அதற்குப் பின் அர்ஸனலுக்காக அவர் ஆடவேயில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் புண் ஆறவில்லை. கிருமித்தொற்று உள்ளே பரவித் தசைநாரில் எட்டு சென்டிமீட்டரைத் தின்றுவிட்டது. காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்ற அச்சம் எழுந்தது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தால் அதோடு திருப்தி கொள்ளுங்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னாராம். மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்த இடக்கைத் தோலை வெட்டி எடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள். பெயரில் ஒரு பாதி கையில், மறுபாதி காலில்.

அந்த மருத்துவரின் வாக்கியம் என்னை உறுத்தியது. என்னிடமும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள்: 'நடந்துவிடுவீர்கள், அது போதாதா?' போதாது என்று நான் கசந்துகொண்டேன். கடைத்தெரு வரை போய்வந்த நாளில்கூட, ஓட முடியாத தூரத்தைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

கஸோர்லா 2018இல் தன் பழைய அணியான வில்லாரியலுக்குத் திரும்பினார். 2019இல் ஸ்பெயின் தேசிய அணி மீண்டும் அழைத்தது. இதைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. உறுதி மட்டும் தசைநாரை வளர்ப்பதில்லை. நல்ல மருத்துவர்களும் நிறைய அதிர்ஷ்டமும் வேண்டியிருந்தன. என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் பிறகு அவர் செய்தது.

அவர் சிறுவனாகப் பயின்ற மன்றம் ரியல் ஒவியேதோ. 2003இல் அது கடனில் மூழ்கி, வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க இயலாமல் நான்காம் நிலைக்குத் தள்ளப்பட்டது. பதினெட்டு வயது கஸோர்லா முதல் அணிக்கு ஆடாமலேயே வெளியேற நேர்ந்தது. 2012இல் மன்றம் மூடப்படும் நிலை வந்தபோது, வெளியூர்களில் ஆடிக்கொண்டிருந்த அதன் பிள்ளைகள் சிலர் பங்குகள் வாங்கினார்கள், அவரும் வாங்கினார். 2023இல், முப்பத்தெட்டு வயதில், விதிகள் அனுமதிக்கும் ஆகக் குறைந்த சம்பளத்துக்கு அங்கே திரும்பினார். தன் பெயர் பொறித்த சட்டைகளின் விற்பனையில் ஒரு பங்கு இளையோர் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

2024இல் முதல் பிரிவுக்கு ஏறும் வாய்ப்பு எஸ்பான்யோலிடம் இறுதியில் கைநழுவியது. 2025 ஜூன் 21 அன்று மீண்டும் ஓர் இறுதி. மிராந்தேஸிடம் முதல் ஆட்டத்தில் 0-1 தோல்வி. இரண்டாவதிலும் மிராந்தேஸே முதல் கோலை அடித்தது. மொத்தத்தில் 0-2. பெனால்டி கிடைத்தது. நாற்பது வயதுக்காரர் பந்தை வைத்தார்; அடித்தார். கூடுதல் நேரத்தில் ஒவியேதோ மொத்தத்தில் 3-2 என்று வென்று, இருபத்து நான்கு வருடங்களுக்குப் பின் முதல் பிரிவை அடைந்தது.

அதே 0-2, அதே 3-2. இரண்டு முறையும் முதல் மறுமொழி அவருடையது. பதினோரு வருடங்களுக்கு நடுவே ஒரு கால் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது. 2014இல் வெம்ப்ளியில் ஆடியவருக்கு இது எவ்வளவோ சிறிய மைதானம், குறைந்த வேகம், குறைந்த நிமிடங்கள். அவர் முகத்தில் அந்தக் கணக்கு எதுவும் தெரியவில்லை. மீளுதல் என்றால் இழந்ததை அதே அளவில் திரும்பப் பெறுவது என்றே அதுவரை நான் நினைத்திருந்தேன். தோட்டம் வரை நடக்கக் கிடைத்தாலும் அவர் இதே முகத்தோடு நடந்திருப்பார் என்று அன்று தோன்றியது.

குளிர்காலத்தில் என் குதிகால் இன்றும் இறுகிக்கொள்கிறது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறேன். ஓடும் ஆசை போய்விடவில்லை. ஆனால், மாலை நடைக்குக் கிளம்பும்போது இப்போதெல்லாம் தூரத்தை அளப்பதில்லை.