கூமுட்டை

அடைகாத்தும் குஞ்சு பொரிக்காத முட்டைக்குத் தமிழில் கூழ்முட்டை என்று பெயர். பேச்சுவழக்கில் அது கூமுட்டையாகி, மந்தபுத்திக்காரனைத் திட்டும் வசைச்சொல்லாகவும் நிலைத்துவிட்டது. குற்றம் முட்டையினுடையது என்பதே அச்சொல்லுக்குள் இருக்கும் தீர்ப்பு. பல்லடம் பக்கத்தில் ஒரு கறிக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகத்தில் பணியாற்றிய ஆண்டுகளில், அந்தத் தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே கணக்கு எளிது. முட்டைகள் 18 நாட்கள் அடை இயந்திரத்திலும் கடைசி 3 நாட்கள் பொரிப்பு இயந்திரத்திலும் இருக்கும். அடை இயந்திரத்தில் வெப்பம் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ். தாய்க்கோழி அலகால் செய்யும் வேலையைத் தட்டுகள் மணிக்கொருமுறை சாய்ந்து செய்யும். 21ஆம் நாள் குஞ்சுகளை எண்ணி எடுத்தபின், மிஞ்சிய முட்டைகளை உடைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. நாற்றம் பிடித்த வேலைதான். ஆனால் பழமையானதொரு தேடலின் மறுமுனை அது. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் கோழி முட்டைக்குள் கரு வளர்வதை விவரித்து, இதயம் ஒரு குருதிப் புள்ளியாகத் துடிப்பதை எழுதிவைத்தார். அவர் உயிர் தொடங்கும் இடத்தைத் தேடினார். நாங்கள் அது நின்றுபோன இடத்தைத் தேடினோம்.

உடைத்தவற்றில் கருவே தரிக்காதவை ஒரு பகுதிதான். மற்றவை உயிர் தரித்தவை. இரத்த வளையத்தோடு முதல் வாரத்திலேயே நின்றவற்றில் பல, இயந்திரத்துக்கு வருமுன்பே நலிந்தவை. இட்ட முட்டைக்குள்ளேயே பல்லாயிரம் செல்களாகப் பிரிந்த கரு இருக்கிறது. குளிரறையில் அது உறங்குகிறது. ஒரு வாரத்துக்கு மேல் உறங்கவைத்தால் நாளுக்கு நாள் எழும் வலிமை குறைகிறது. கறிவிலை சரிந்த வாரங்களில் குஞ்சு வாங்க ஆளிருக்காது. முட்டைகள் பத்து நாள், பன்னிரண்டு நாள் காத்துக் கிடக்கும். சந்தையின் சரிவை மூன்று வாரம் கழித்து ஒரு செந்நிற வளையமாக என் உள்ளங்கையில் பார்த்திருக்கிறேன்.

இடை நாட்களில் இறந்தவை, சில சமயம் தாயின் தீவனத்தில் உயிர்ச்சத்து குறைந்ததைச் சொல்லும். ஓட்டைக் கொத்தும் தறுவாயில் முழுக்குஞ்சாக இறந்து கிடப்பவைதான் மனத்தைக் கலைப்பவை. கடைசி நாட்களில் கருவே வெப்பம் உமிழும். காற்றோட்டம் போதாவிட்டால் தன் சூட்டாலேயே அது மாண்டுபோகும். முதல் வாரத்தில் முட்டை சரியாகத் திருப்பப்படாமல் போயிருந்தாலும் பெரும்பாலும் அதன் விளைவு இங்கேதான் தெரியவரும். தவறு நிகழ்ந்த நாள் வேறு, உயிர் போன நாள் வேறு.

இவை ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. உடனிருந்து கணக்கெழுதிய அக்கா, முன்பு தாய்க்கோழிப் பண்ணையில் வேலை பார்த்தவர். ஒருநாள் கேட்டார்: "ஏனுங் சார், இத்தனையும் எழுதறமே, அந்தத் தாய்க்கோழி வயிறாரத் தின்னுச்சான்னு எந்தக் கட்டத்துலீங் எழுதறது?"

கேள்வியின் பொருளை விளக்க வேண்டும். கறிக்கோழி என்பது ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தொடும்படி, தீராப் பசியோடு வளர்வதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உயிர். அதன் தாய்க்கும் அதே பசிதான். ஆனால் தாயை வயிறாரத் தின்னவிட்டால் கொழுத்துவிடும். முட்டையிடும் ஒழுங்கு குலையும். சேவலும் பருத்தால் கரு தரிப்பது குறையும். ஆகவே வளரும் பருவத்தில் அது விரும்பித் தின்னக்கூடிய அளவில் பாதிக்கும் குறைவாகவே தீவனம் அளந்து கொடுக்கிறார்கள். தீவனம் தீர்ந்தபின்னும் வெற்றுத் தொட்டியைக் கொத்திக்கொண்டே இருக்கும் கோழிகளை அந்த அக்கா ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறார். நூற்றுக்கு 85 குஞ்சு பொரிக்கிறது என்று நாங்கள் மகிழ்ந்த எண்ணிக்கையின் அடியில் அந்தப் பசி இருந்தது. அதைக் கொடுமை என்று சொல்லி நிறுத்திவிடவும் முடியாது. பசியாற விட்டால் அக்கோழி நோயுற்றுச் சாகும். அப்படியோர் உடலை மனிதர்கள்தாம் உருவாக்கினார்கள்.

இடி இடித்தால் அடைமுட்டை கெட்டுவிடும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போட்டுவைப்பது நம் கிராமத்துப் பாட்டிகளின் வழக்கம். அதில் அறிவியல் இல்லைதான். ஆயினும் குற்றத்தை முட்டைக்கு வெளியே தேடும் நியாயம் அதில் இருந்தது. வகுப்பறையில் ஒரு பையனைக் கூமுட்டை என்று ஓர் ஆசிரியர் திட்டுவதைக் கேட்கும்போதெல்லாம், எங்கள் படிவத்தில் இல்லாத அந்தக் கட்டம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.